மிச்சமின்றிப் பங்கிடும் கணக்கு

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில் கலியுக வரதராசப் பெருமாள் கோயில் இருப்பதை நம் அங்கத்தினருள் அறியாதார் இலர். இராமநவமியை ஒட்டி நடைபெறும் பெருவிழாவுக்கு வரும் உழவர்கள், தத்தம் நிலத்தில் விளைந்த தானியத்தைக் கொணர்ந்து காணிக்கையாகச் செலுத்துவர். கொடுக்கும்பொழுது எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால் பலர் கூடி வாங்கிய பொருளைப் பலரும் சமமாகப் பெற்றுக்கொள்ள வேண்டிய இடத்தில் எண்ணாமல் தீராது. அந்த எண்ணிக்கையைப் பற்றிய பாடமே இது. கல்லங்குறிச்சியில் அங்கத்தினர்களுக்கு நாம் நடத்திய வகுப்பொன்றில் கூறியவற்றையும், அங்கே நாமே கற்றுக்கொண்டதையும் சேர்த்து எழுதுகின்றோம்.

வகுப்புக்குக் காரணமாயிருந்த வழக்கை முதலில் சொல்லிவிட வேண்டும். நம் மாவட்டத்தில் ஒரு சிறிய நெசவாளர் சங்கம், பெயர் வேண்டாம். அங்கத்தினருக்கு ஆளுக்கொரு தறி. பாவுக்கு 60-ஆம் நம்பர் நூலும் ஊடைக்கு 40-ஆம் நம்பர் நூலும் பதினைந்து நாள்களுக்கு ஒரு முறை சங்கத்தில் வழங்கப்படும். ஒவ்வொரு வழங்கலுக்கும் 60-ஆம் நம்பரில் 5 பண்டல், 40-ஆம் நம்பரில் 5 பண்டல் வாங்குவது வழக்கம். ஒரு பண்டல் என்பது பழைய அளவில் 10 ராத்தல். இன்றைய கணக்கில் 4.54 கிலோ.

நூலின் நம்பர் என்பது வெறும் பெயரன்று என்பதை நெசவாளர் அறிவர். உழவர் நண்பர்களுக்காகச் சொல்கின்றோம். 840 கெஜ நீளமுள்ள நூல் ஒரு சிட்டம். ஒரு ராத்தல் எடைக்கு எத்தனை சிட்டம் நிற்குமோ அதுவே அந்நூலின் நம்பர். ஆகவே 60-ஆம் நம்பரில் 10 ராத்தல் பண்டலுக்கு 600 சிட்டம். 40-ஆம் நம்பரில் 400 சிட்டம். ஐந்து பண்டலுக்கு முறையே 3,000 சிட்டமும் 2,000 சிட்டமும் ஆகின்றன.

சென்ற ஆண்டுவரை அச்சங்கத்தில் 20 தறிகள் ஓடின. தறிக்கு 150 சிட்டம் பாவு நூல், 100 சிட்டம் ஊடை நூல். ஒன்று கூடாது, ஒன்று குறையாது. பிறகு இருவர் தறியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிமெண்டு ஆலை வேலைக்குப் போயினர். எஞ்சியவர் 18 பேர். காரியதரிசி ஆளுக்கு 166 சிட்டமும் 111 சிட்டமும் வழங்கினார். பாவு நூலில் 12 சிட்டமும் ஊடை நூலில் 2 சிட்டமும் மிஞ்சின. அவற்றைப் பதிவேட்டில் 'கழிவு' என்று எழுதிவைத்தார். மூன்று வழங்கல்கள் இவ்வாறே கழிந்தன.

அவ்வளவுதான். ஏழு பேர் கையொப்பமிட்ட மனு நமக்கு வந்தது. "இருபது பேர் இருந்த காலத்தில் இல்லாத கழிவு, இரண்டு பேர் குறைந்த பிறகு எங்கிருந்து வந்தது? ஆள் குறைந்தால் நூல் அதிகமாகத்தானே கிடைக்க வேண்டும்?" என்பது மனுவின் சாரம். மிஞ்சிய நூல் நிர்வாகக் குழுவினர் ஒருவரின் தறிக்குப் போகின்றது என்ற பேச்சும் ஊரில் இருந்தது. நாம் கணக்கிட்டுப் பார்த்தோம். 60-ஆம் நம்பரில் 12 சிட்டம் ஐந்தில் ஒரு ராத்தல். 40-ஆம் நம்பரில் 2 சிட்டம் இருபதில் ஒரு ராத்தல். ஆக, ஒரு வழங்கலுக்குக் கால் ராத்தல். மூன்றுக்கும் சேர்த்து முக்கால் ராத்தல், ஏறத்தாழ 340 கிராம். இந்த முக்கால் ராத்தல் நூலுக்காக ஆறு பேர் சங்கத்தை விட்டு விலகி, முன்பு கடன்பட்டிருந்த ஜவுளி முதலாளியிடமே நூல் வாங்கப் போவதாக இருந்தனர். அதைக் கேட்டபொழுது நமக்குச் சிரிப்பு வரவில்லை. மனுதாரர்கள் கேட்ட கேள்வியில் தவறொன்றும் இல்லை. அதற்கு விடை சொல்லத்தான் அச்சங்கத்தில் ஒருவரும் இல்லை. நேரில் வந்து இருப்பைப் பார்ப்பதாகச் சொல்லி ஒரு வாரம் தவணை கேட்டோம். அந்த வாரத்தில்தான் கல்லங்குறிச்சி வகுப்பு நடந்தது.

நிற்க. இனிப் பாடத்துக்கு வருவோம்.

ஓர் எண்ணை மிச்சமின்றி வகுக்கும் எண்ணை அதன் காரணி என்கின்றோம். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட எண்கள் ஒவ்வொன்றையும் மிச்சமின்றி வகுப்பது பொதுக் காரணி. பொதுக் காரணிகளுள் எது பெரியதோ அது மீப்பெரு பொதுக் காரணி; மீப்பெரு பொது வகுத்தி என்று கூறுவதும் உண்டு. பெயர் நீளமாயிருக்கின்றதே என்று அஞ்ச வேண்டா, காரியம் எளிது.

வகுப்பில் நாம் எடுத்துக்கொண்ட உதாரணம் மரக்கன்றுகள். ஒரு சங்கத்துக்கு 168 முந்திரி ஒட்டுக்கன்றுகளும் 120 வேப்பங்கன்றுகளும் 72 புளியங்கன்றுகளும் வந்திருக்கின்றன என்று கொள்வோம். கன்றை வெட்டிப் பங்கிட முடியாது. ஒவ்வொரு பங்கிலும் மூவகைக் கன்றும் இருக்க வேண்டும். எல்லாப் பங்குகளும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். மிகப் பலவாக எத்தனை பங்குகள் செய்யலாம்?

மூன்று எண்களுக்கும் காரணிகளை எழுதி ஒப்பிடுமாறு பள்ளியில் கற்பிப்பர். அவ்வளவு பாடு தேவையில்லை. எல்லாவற்றுள்ளும் சிறிய எண் 72; விடை எதுவாயினும் அது 72-இன் காரணியாகத்தான் இருக்க வேண்டும். அக்காரணிகளைப் பெரியதிலிருந்து இறங்கு வரிசையில் எழுதுக: 72, 36, 24, 18, 12, 9, 8, 6, 4, 3, 2, 1. 72 மற்ற இரண்டையும் வகுக்காது. 36-உம் வகுக்காது. 24 வகுக்கின்றது: 168-இல் 7 தடவை, 120-இல் 5 தடவை, 72-இல் 3 தடவை. ஆகவே 24 பங்குகள். பங்கொன்றுக்கு 7 முந்திரி, 5 வேம்பு, 3 புளி.

அங்கத்தினர் 24 பேராக இல்லாவிட்டால் என்ன செய்வது? இதுதான் சங்கங்களில் எழும் உண்மையான கேள்வி. 24-இன் காரணி எதுவாயினும் அத்தனை பேருக்கும் சரியாகப் பங்கிடலாம். 12 பேரானால் ஆளுக்கு 14, 10, 6. எட்டுப் பேரானால் 21, 15, 9. ஆறு பேரானாலும் நான்கு பேரானாலும் அப்படியே. ஆனால் 10 பேரானால் முடியாது. 20 பேரானாலும் முடியாது. ஏனெனில் அவை 24-ஐ வகுப்பதில்லை. இதைக் கொண்டு, கன்றுகள் வண்டியில் இருக்கும்பொழுதே, ஒன்றைக்கூடக் கீழே இறக்காமல், மிச்சம் விழுமா விழாதா என்று காரியதரிசி சொல்லிவிடலாம். ஆளுக்கு ஒன்றொன்றாகக் கொடுத்துக்கொண்டே போய், கடைசியில் கையில் ஐந்து கன்றுகளை வைத்துக்கொண்டு விழிக்கும் நிலை வராது.

இந்த இடத்தில் ஒரு பெரியவர் எழுந்தார். முந்திரிக் காடு வைத்திருப்பவர். "தம்பி, 24 என்றால் ஆளுக்கு 24 கன்றா?" என்று கேட்டார். பலர் நகைத்தனர். "இல்லை ஐயா, 24 என்பது பங்குகளின் எண்ணிக்கை, ஒரு பங்கில் உள்ள கன்றுகளின் எண்ணிக்கையன்று" என்று விடை கூறிவிட்டு மேலே செல்லப் பார்த்தோம். அவர் உட்காரவில்லை. "வரிசைக்கு ஒரே சாதி மரம், எல்லா வரிசையிலும் ஒரே எண்ணிக்கை. அப்படி நட்டால் வரிசைக்கு எத்தனை கன்று வைக்கலாம்?" என்றார்.

நாம் கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தோம். வரிசைக்கு 24 கன்றுகள்! முந்திரி 7 வரிசை, வேம்பு 5 வரிசை, புளி 3 வரிசை. ஆக 15 வரிசைகள். அவர் மனத்தில் இருந்தது பங்கிடும் காரியமன்று, நடும் காரியம். நடும் காரியத்துக்கு 24 என்பது ஒரு தொகுதியில் உள்ள கன்றுகளின் எண்ணிக்கையே. பட்டம் பெற்ற நாம் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு அவரைத் திருத்த முற்பட்டோம். நகைத்தவர்களோடு நாமும் தலை குனிய வேண்டியதாயிற்று.

ஆகவே வாசகர்கள் இதை நன்கு கவனிக்க வேண்டும். ஒவ்வொரு பங்கிலும் எல்லா வகையும் கலந்து இருக்க வேண்டுமானால், மீப்பெரு பொதுக் காரணி எத்தனை பங்கு என்பதைக் காட்டும். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரே வகை மட்டும் இருந்து, தொகுதிகளெல்லாம் ஒரே அளவாக வேண்டுமானால், அதே எண் ஒரு தொகுதியில் எத்தனை என்பதைக் காட்டும். எண் ஒன்றுதான், கேள்வி இரண்டு. கணக்கு போடுமுன் நம் கேள்வி எது என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொள்வது நல்லது.

பெரிய எண்களுக்குக் காரணிகளை எழுதிக்கொண்டிருப்பது இயலாது. 1,547-க்கும் 1,071-க்கும் பொதுக் காரணி என்னவென்று கேட்டால் யாரும் திகைப்பர். அதற்கு வேறு வழி உண்டு. ஒன்றை மற்றொன்றால் மாறி மாறி வகுத்துக்கொண்டு போவது. கி.மு. 300 அளவில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூக்ளிது தம் நூலின் ஏழாம் பகுதியில் இதை விளக்கியுள்ளார். கி.பி. 499-இல் ஆரியபட்டர் கூறிய குட்டகம் என்னும் முறையும் இவ்வாறு மாறி மாறி வகுப்பதன்மீதே அமைந்தது. குட்டகம் என்றால் இடித்துப் பொடியாக்குவது. பெரிய எண்ணை இடித்து இடித்துச் சிறிதாக்குதல் என்று பொருள் கொள்க.

இதை எண்ணால் விளக்குவதைவிட நிலத்தால் விளக்குவது எளிது. நீளம் 168 அடி, அகலம் 120 அடி. ஏறத்தாழ 46 சென்ட் நிலம். இதை மூலை முடுக்கு மிஞ்சாமல் ஒரே அளவுள்ள சதுரப் பாத்திகளாகக் கட்ட வேண்டும். பாத்தி எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? முதலில் ஒரு பக்கத்திலிருந்து 120-க்கு 120 சதுரம் ஒன்றைக் கயிறு பிடித்து ஒதுக்குக. எஞ்சுவது 48 அடி அகலமும் 120 அடி நீளமும் உள்ள பட்டை. அதில் 48-க்கு 48 சதுரங்கள் இரண்டு அடங்கும். எஞ்சுவது 48-க்கு 24. அதில் 24-க்கு 24 சதுரங்கள் இரண்டு அடங்கும், எஞ்சுவது ஒன்றுமில்லை. கடைசியாக வந்த சதுரத்தின் பக்கம் 24. நிலம் முழுவதையும் 24 அடிச் சதுரங்களாகப் பிரித்தால் நீளவாக்கில் 7, அகலவாக்கில் 5, ஆக 35 பாத்திகள். துணியைச் சதுரத் துண்டுகளாக வெட்ட விரும்பும் நெசவாளரும் இதையே செய்யலாம். கத்தரியை எடுக்குமுன் துணியை மடித்துப் பார்த்தே அறிந்துகொள்ளலாம்.

மேலே சொன்ன பெரிய எண்களை இம்முறையில் பாருங்கள். 1,547-இல் 1,071 போக மிச்சம் 476. 1,071-இல் 476 இரண்டு தடவை போக மிச்சம் 119. 476-இல் 119 நான்கு தடவை, மிச்சமில்லை. விடை 119. மூன்றே வரிகளில் முடிந்தது.

உழவர் கைக்கு வரும் வேறொரு கணக்கையும் இங்கே குறிக்கலாம். யூரியா மூட்டை 2018-ஆம் ஆண்டு முதல் 50 கிலோவிலிருந்து 45 கிலோவாயிற்று, டி.ஏ.பி. மூட்டையோ 50 கிலோ. 45-க்கும் 50-க்கும் மீப்பெரு பொதுக் காரணி 5. ஆகவே 5 கிலோ படிக்கல் ஒன்றே இருந்தாலும் இரண்டு மூட்டைகளையும் மிச்சமின்றி நிறுத்துப் பிரித்துவிடலாம். 10 கிலோ படிக்கல் மட்டும் இருந்தால் யூரியாவில் பாதிக் கல் அளவு தொங்கி நிற்கும்.

சமமாகப் பங்கிடுவதே எப்பொழுதும் நியாயமாகும் என்று எண்ணிவிடலாகாது. தறிக்கு நூல் சமமாக வழங்கலாம்; விற்பனையில் வந்த ஊக்கத்தொகையைத் தலைக்கு இவ்வளவு என்று வழங்கினால் அதிகம் விளைவித்துச் சங்கத்துக்கே கொணர்ந்தவன் ஏமாறுவான். இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் 1844-இல் கடை திறந்த கூட்டுறவு முன்னோடிகள், உபரியை அவரவர் வாங்கிய சரக்கின் அளவுக்கேற்பப் பிரித்துக் கொடுத்தனர். இதற்கும் நம் பொதுக் காரணியே உதவும். மூவர் முறையே 24, 36, 60 குவிண்டால் மக்காச்சோளம் கொணர்ந்தனர் என்க. பொதுக் காரணி 12. வகுத்தால் 2, 3, 5. ஊக்கத்தொகை 6,000 ரூபாயைப் பத்துக் கூறாக்கி, இரண்டு கூறு, மூன்று கூறு, ஐந்து கூறு என்று 1,200, 1,800, 3,000 ரூபாய்களாக வழங்கிவிடலாம். எழுதப் படிக்கத் தெரியாத அங்கத்தினரும் இதை விரல் விட்டுச் சரிபார்ப்பார். சதவீதத்தில் கூறினால் காரியதரிசி சொல்வதை நம்புவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

இனி நம் 18 தறிக்காரர்களிடம் திரும்புவோம். 3,000-க்கும் 2,000-க்கும் மீப்பெரு பொதுக் காரணி 1,000. அதை 20 வகுக்கும், 18 வகுக்காது. மனுதாரர் கேள்விக்கு இதுவே விடை. ஆள் குறைந்ததால் பங்கு பெருகியது உண்மை. 150 சிட்டம் 166 ஆயிற்று, 100 சிட்டம் 111 ஆயிற்று. அதோடு, மிச்சமின்றி வகுக்கும் எண் போய், மிச்சம் விடும் எண் வந்து சேர்ந்தது.

ஏன் 18 வகுக்காது என்று இன்னும் ஒரு படி இறங்கிப் பார்க்கலாம். 18 என்பது ஒரு 2-உம் இரண்டு 3-உம் பெருகி வந்த எண். பண்டலோ பத்து ராத்தல் கணக்கில் கட்டுவது. பத்தில் 2-உம் 5-உம் தவிர வேறு கிடையாது. 60-ஆம் நம்பரில் ஒரே ஒரு 3 இருக்கின்றது. 40-ஆம் நம்பரில் 3 என்பதே இல்லை. நம் முன்னோர் கீழ்வாய் இலக்கத்தில் முந்திரி என்று 320-இல் ஒரு பங்கை வைத்தனர். 320-உம் 2, 5 ஆகியவற்றால் மட்டுமே ஆன எண். அரையும் காலும் மாவும் காணியும் அதில் அழகாக விழும். மூன்று பேர் பங்கு விழாது. முந்திரி விளையும் நம் சீமையில் மூன்று அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்கும்பொழுது பழைய கணக்குப்பிள்ளைமார் பட்ட பாட்டை எண்ணிப் பார்க்க வேண்டும்!

குறை எது என்று தெரிந்தால் பரிகாரமும் தெரியும். பாவு நூலில் ஒரு 3 குறைவு. ஆகவே மூன்று மடங்கு வாங்கினால் மிச்சம் விழாது. ஊடை நூலில் இரண்டு 3 குறைவு. ஒன்பது மடங்கு வேண்டும். வகைக்கு 9 பண்டல் வாங்கினாலும் போதும்: 5,400 சிட்டத்தில் ஆளுக்கு 300, 3,600 சிட்டத்தில் ஆளுக்கு 200. ஆனால் 18 பண்டலுக்கு ஒரே தடவையில் பணம் கட்ட அச்சங்கத்துக்கு வசதியில்லை. மற்றொரு வழி, மிச்சத்தைக் கழிவென்று எழுதாமல் இருப்பு என்று எழுதி அடுத்த வழங்கலுக்குக் கொண்டு செல்வது. பாவு நூலில் 12 சிட்டம் மூன்று வழங்கலில் 36 ஆகும், ஆளுக்கு 2. ஊடை நூலில் 2 சிட்டம் ஒன்பது வழங்கலில் 18 ஆகும், ஆளுக்கு 1. மிச்சம் என்பது பங்கிட முடியாத பொருளன்று. இன்னும் பங்கிடும் நாள் வராத பொருள்.

குறித்த நாளில் அச்சங்கத்துக்குச் சென்றோம். மனுவில் கையொப்பமிட்ட எழுவரும் வந்திருந்தனர், மற்றவர்களும் வந்திருந்தனர். காரியதரிசியிடம் கழிவு நூலைப் பற்றிக் கேட்டோம். அவர் பதில் பேசாமல் அலமாரியைத் திறந்து, பழைய செய்தித்தாளில் சுற்றிய மூன்று பொட்டலங்களை எடுத்து வைத்தார். ஒவ்வொன்றின் மீதும் வழங்கிய தேதி எழுதியிருந்தது. பிரித்து எண்ணினோம். 60-ஆம் நம்பரில் 36 சிட்டம். 40-ஆம் நம்பரில் 6 சிட்டம். ஒரு சிட்டமும் குறையவில்லை. "இதற்கு என்ன பெயர் எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை, ஐயா" என்றார் அவர்.

கழிவு என்ற சொல்லை அடித்து, இருப்பு என்று எழுதச் செய்து, நாமும் கையொப்பமிட்டோம். அன்றே 36 சிட்டமும் ஆளுக்கு இரண்டாக வழங்கப்பட்டன. விலகுவதாக இருந்த ஆறு பேரும் தம் பங்கைப் பெற்றுக்கொண்டனர். பதிவேட்டில் 16 கையொப்பங்களும் 2 கைநாட்டுகளும் உள்ளன. அவற்றின் கீழே, ஊடை நூல் இருப்பு 6 சிட்டம் என்று எழுதியிருக்கின்றது. அது பங்காவதற்கு இன்னும் ஆறு வழங்கல்கள் பாக்கி.